திருவருகைக் காலத்தை வீட்டில் கடைப்பிடிப்பது எப்படி? நான்கு வாரங்களுக்கான முழுமையான வழிகாட்டி

நவம்பர் கடைசியிலேயே வாசலில் ஸ்டார் ஏறிவிடுகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் மரமும் குடிலும் தயார். அதன்பின் துணிக்கடை, தையல்கடை, பலகாரம், கேரல், அலுவலகத்தில் ஒரு கிறிஸ்துமஸ் விழா, பள்ளியில் இன்னொன்று. 24-ஆம் தேதி இரவு கோவிலில் உட்காரும்போது உடம்பு அலுத்துப்போயிருக்கிறது. மறுநாள் பிரியாணியோடு பண்டிகை முடிந்துவிடுகிறது.

இதை மாற்ற வேண்டும் என்று விரும்பிய பல குடும்பங்களை எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக் குழு) பார்த்திருக்கிறேன். அவர்களிடம் பக்திக்குக் குறைவில்லை. எதை எப்போது செய்வது என்ற வரிசைதான் பிசகியிருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலம் காத்திருப்புக்கானது. காத்திருக்க வேண்டிய அந்த நாட்களில் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டிய நாட்களில் ஓய்ந்துபோகிறோம். வரிசையைச் சரிசெய்தால் மற்றதெல்லாம் தானாக இடத்துக்கு வரும்.

கத்தோலிக்க முறைப்படி எழுதுகிறேன். தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் குடும்பங்களுக்கும் இதே நான்கு ஞாயிறுகள்தாம் என்பதால் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும்.

1. முதலில் நாட்களைக் குறியுங்கள்

நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அந்த நாளிலோ, அதற்கு மிக அருகிலோ வரும் ஞாயிறுதான் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. ஆகவே அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். டிசம்பர் 1 என்று நினைத்துத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் ஞாயிற்றைத் தவறவிடுகிறார்கள்.

2026-இல் ஞாயிறுகள் நவம்பர் 29, டிசம்பர் 6, 13, 20. மொத்தம் 26 நாட்கள். நான்காம் வாரம் முழு வாரமாக அமையாது, ஐந்தே நாட்கள்தாம். டிசம்பர் 3-இல் தொடங்கிய 2023-இல் நான்காம் ஞாயிறும் 24-ஆம் தேதியும் ஒரே நாளில் வந்துவிட்டன. கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எதையும் தள்ளிவைக்க வேண்டாம் என்பதற்கு இதுவே காரணம்.

அடுத்து டிசம்பர் 17-ஐத் தனியாக வட்டமிடுங்கள். 16 வரை திருச்சபை ஆண்டவரின் இரண்டாம் வருகையை முன்னிறுத்துகிறது. 17 முதல் 24 வரை பெத்லகேமை நோக்கித் திரும்புகிறது. வீட்டு வேலைகளையும் இந்தக் கோட்டை வைத்தே பிரிக்கப் போகிறோம்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு விவிலியம், உங்கள் மறைமாவட்ட வழிபாட்டு நாள்காட்டி (உங்கள் கோவிலின் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்), நான்கு மெழுகுவர்த்திகள், ஒரு எவர்சில்வர் தாம்பாளம், கொஞ்சம் களிமண், மூடியில் துளையிட்ட ஒரு உண்டியல் டப்பா. இவ்வளவுதான்.

இவற்றை முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்குள் வாங்கிவிடுங்கள். திருச்சபையின் மாலை ஜெபமான சனிக்கிழமை மாலைத் திருப்புகழ் வேளையிலேயே காலம் தொடங்கிவிடுகிறது. ஞாயிறு காலை மெழுகுவர்த்தி தேடி அலைந்தால், 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்ற பேச்சில்தான் போய் முடியும்.

3. கடை வேலைகளை முன்னால் இழுங்கள், கொண்டாட்டத்தைப் பின்னால் தள்ளுங்கள்

இந்த ஒன்றைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தாலும் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

துணியை நவம்பர் நடுவிலேயே எடுத்துத் தையலுக்குக் கொடுத்துவிடுங்கள். டிசம்பர் பிறந்தால் தையல்காரரிடம் குவியும். ‘நாளைக்கு வாங்கம்மா' என்று 23-ஆம் தேதி வரை இழுக்கும். ஜெபத்துக்கு உட்காரும் வேளையில்தான் பிளவுஸ் வாங்க ஓட வேண்டியிருக்கும். பலகாரச் சீட்டுப் பணம், பிள்ளைகளுக்கான பரிசு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட், எல்லாவற்றையும் முதல் ஞாயிறுக்கு முன் முடித்தால் மனம் பாதி காலியாகும். காலியான மனத்தில்தான் காத்திருக்க முடியும்.

பின்னால் தள்ள வேண்டியவை: மரம், குடில், தொடர்விளக்கு, பலகாரம். இவை அனைத்தும் டிசம்பர் 17 முதல். ஸ்டார் மட்டும் சங்கடம் தரும். தெருவே மின்னும்போது நம் வீடு மட்டும் இருட்டாக இருந்தால் பிள்ளைகள் முகம் வாடும், அக்கம்பக்கத்திலும் 'வீட்டில் ஏதும் துக்கமா?' என்று கேட்பார்கள். ஸ்டாரை முதல் ஞாயிறே கட்டுங்கள், விளக்கை 17-இல் போடுங்கள் என்று நான் சொல்வதுண்டு. அதுவும் முடியாவிட்டால் ஸ்டாருக்காகச் சண்டை வேண்டாம். குடிலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேக்குக்குப் பழம் ஊறவைப்பது முன்கூட்டியே நடக்கட்டும். அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் கடைசி வாரத்துக்கு. சுட்ட பலகாரத்தைத் தொடாமல் இருக்கச் சொல்லிப் பிள்ளைகளை மூன்று வாரம் அதட்டுவதைவிட, சுடுவதையே தள்ளிவைப்பது நல்லது.

4. மெழுகுவர்த்தி வளையம் செய்யும் முறை

தாம்பாளத்தில் களிமண்ணை வளையமாக இரண்டு விரல் உயரத்துக்கு அழுத்துங்கள். ஈரமாக இருக்கும்போதே நான்கு மெழுகுவர்த்திகளையும் ஊன்றி ஒரு இரவு காயவிடுங்கள். உருக்கிய மெழுகால் தாம்பாளத்தில் ஒட்டினால் மூன்றாம் நாளே சாய்ந்துவிடும். மின்விசிறிக் காற்றில் சாய்ந்த மெழுகுவர்த்தி மேசைவிரிப்பைக் கருக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று ஊதா, ஒன்று ரோஜா நிறம். ஊதாவும் ரோஜாவும் சிறிய ஊர்க் கடைகளில் கிடைப்பது கடினம். வெள்ளை மெழுகுவர்த்தி எடுத்து அடியில் அந்த நிற ரிப்பனைச் சுற்றுங்கள், போதும். ரிப்பன் களிமண்ணை ஒட்டி, ஒரு விரல் அகலத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். முதல் மெழுகுவர்த்தி நான்கு வாரமும் எரிவதால் கடைசியில் கட்டையாகிவிடும், அப்போது சுடர் ரிப்பனுக்குப் பக்கத்தில் வரும்.

பச்சைக்கு நெட்டிலிங்க இலையோ குரோட்டன்ஸோ செருகுங்கள். மரத்துக்கு வழக்கமாக வெட்டிவரும் சவுக்குக் கிளை இதற்கு வேண்டாம். காய்ந்தால் பட்டென்று பற்றிக்கொள்ளும். எந்த இலையானாலும் சனிதோறும் மாற்றுங்கள். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தால், நாளை ஞாயிறு, அடுத்த மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்பதை அவர்களே நினைவூட்டுவார்கள்.

பூ வேண்டாம். கோவிலிலும் இக்காலத்தில் பீட அலங்காரம் அடக்கமாகவே இருக்கும், ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப் பாடலைப் பாடமாட்டார்கள். பிறப்பு இரவில் அதைக் கேட்கும்போது புதிதாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அது நிறுத்திவைக்கப்படுகிறது. வீட்டிலும் அதே நியாயம்.

5. தினமும் பத்து நிமிடம்

நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாதீர்கள், ஒரு வேலையோடு கட்டுங்கள்: இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் முன். எட்டு மணி என்று வைத்தால் ஒருவர் பேருந்தில் இருப்பார், ஒருவர் டியூஷனில் இருப்பார். சாப்பாட்டுக்கு எப்படியும் வருவார்கள்.

டியூப்லைட்டை அணையுங்கள். அந்த வாரத்துக்குரிய மெழுகுவர்த்திகளை (முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என்று) வீட்டில் இளையவர் ஏற்றட்டும், பெரியவர் ஒருவர் கை பிடித்துக்கொள்ளட்டும். விளக்கு எரியும்போது மெழுகுவர்த்தி ஏற்றினால் அது வெறும் சடங்கு. இருட்டில்தான் ஒரு சுடருக்கும் இரண்டு சுடருக்கும் வித்தியாசம் தெரியும்.

பிறகு அன்றைய வாசகம், ஒன்று மட்டும். முதல் இரண்டு வாரங்களின் வார நாட்களில் முதல் வாசகம் பெரும்பாலும் எசாயாவிலிருந்தே வரும். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் ஒரு நிமிட மௌனம். அதன்பின் ஆளுக்கு ஒரு வரி மன்றாட்டு, 'ஆண்டவரே வாரும்' என்ற பதில், ஒரு 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ஜெபம். முடிந்தது.

வழக்கமாகப் பிசகும் இடங்கள் மூன்று. முதல் நாள் உற்சாகத்தில் ஐம்பத்து மூன்று மணிச் செபமாலை, பிரார்த்தனை, நான்கு பாட்டு எனச் சேர்த்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நடக்கும் மாதம் இது, ஒரு வாரத்தில் எல்லாம் நின்றுபோகும். செபமாலை வழக்கம் இருந்தால் அது அதன் நேரத்தில் நடக்கட்டும். இரண்டாவது, அப்பாவே எல்லாவற்றையும் வாசிப்பது. எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தைக்கும் ஒரு நாள் கொடுங்கள். எத்தனை திணறினாலும் நடுவில் திருத்தாதீர்கள். மூன்றாவது, கைபேசியில் வாசிப்பது. அந்தத் திரையின் வெளிச்சம் சுடரை விழுங்கிவிடும், நடுவில் ஒரு செய்தியும் வந்து நிற்கும். அச்சிட்ட விவிலியம்தான் இதற்குச் சரி.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். அன்றைய நாளிலிருந்து தொடருங்கள்.

6. வாரத்துக்கு ஒரு வேலை

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. 2026 நவம்பரில் அதன் இரண்டாம் ஆண்டு வாசகங்கள் தொடங்குகின்றன. அதன்படி சொல்கிறேன். மற்ற ஆண்டுகளில் நற்செய்திப் பகுதி மாறினாலும் வாரத்தின் கருத்து ஏறக்குறைய இதுவே.

*முதல் வாரம், மாற்கு 13:33-37.* வீட்டுத் தலைவர் பயணம் போகிறார், வாயில் காவலர் விழித்திருக்க வேண்டும். மாலையோ, நள்ளிரவோ, சேவல் கூவும் நேரமோ, காலையோ, எப்போது வருவார் என்று தெரியாது. குழந்தை இயேசுவை எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த வாசகம் அதிர்ச்சியாக இருக்கும், பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். இன்றிரவு அவர் நம் வீட்டுக்கு வந்தால் எதை அவசரமாக மறைக்கத் தோன்றும் என்று ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மடித்து அவரவர் விவிலியத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் யாருடையதையும் படிக்கக் கூடாது. இந்தத் தாள் பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) உதவும்.

*இரண்டாம் வாரம், மாற்கு 1:1-8.* ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்கச் சொல்லும் திருமுழுக்கு யோவான். இந்த வாரத்து வேலை கடினமானது: பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரிடம் பேசுவது. சொத்துப் பிரிவினையில் முறிந்த அண்ணன் தம்பி, கல்யாணத்துக்கு அழைக்கவில்லை என்று விலகிய சித்தி, கொடுத்த கடனைக் கேட்டதால் முகம் திருப்பிக்கொண்ட நண்பர். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

இதைக் கிறிஸ்துமஸ் அன்று வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளுவதுதான் பெரிய தவறு. அன்று அவர் வீட்டில் விருந்தாளிகள் இருப்பார்கள், நீங்கள் வந்தது கடமைக்காகத் தோன்றும். வாட்ஸ்அப்பில் ஒரு வாழ்த்துப் படம் அனுப்புவதும் கணக்கில் வராது. வார நாளில் ஒரு மாலை, கையில் பழமோ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு நேரில் போங்கள். பழைய கணக்கை எடுக்காதீர்கள், யார் சரி என்று பேசாதீர்கள். 'பெரியம்மா, உங்களைப் பார்க்கணும்னு வந்தேன்' என்பது போதும். அரை மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள், நீண்டால் பழைய பேச்சு தானாக வந்துவிடும். கதவு திறக்கவில்லையென்றாலும் உங்கள் பக்கத்து வழி சீராகிவிட்டது. உங்களைக் கொடுமைப்படுத்திய, இன்னும் ஆபத்தாக இருக்கிற ஒருவரிடம் இப்படிப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. அவருக்காக ஜெபித்தால் போதும்.

*மூன்றாம் வாரம், யோவான் 1:6-8, 19-28.* ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றும் மகிழ்ச்சி ஞாயிறு. பாதி கடந்துவிட்டது, ஆண்டவர் அருகில் இருக்கிறார் என்ற மகிழ்ச்சி. அன்று மாலை தெருவிலோ மாடியிலோ தனியாக இருக்கும் ஒருவரைச் சாப்பிட அழையுங்கள்.

*நான்காம் வாரம், லூக்கா 1:26-38.* மரியாவுக்கு வானதூதர் சொன்ன செய்தி. இதற்குத் தனி வேலை எதுவும் வேண்டாம், இந்த வாரத்தில் ஏற்கெனவே வேலை அதிகம். வாசகத்தை இரண்டு நாள் தொடர்ந்து படியுங்கள்.

7. ஒப்புரவு அருட்சாதனத்தை (பாவசங்கீர்த்தனம்) மூன்றாம் வாரத்துக்குள் முடியுங்கள்

24-ஆம் தேதி மாலை பாவசங்கீர்த்தனத் தொட்டி முன் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குருவுக்கும் களைப்பு, பின்னால் நிற்பவர்களுக்கும் அவசரம். நிதானமாகப் பேசி ஆலோசனை பெற வழியில்லை. பல பங்குகளில் திருவருகைக் காலத்துக்கென்று ஒப்புரவு வழிபாடு ஒரு நாள் வைப்பார்கள், அல்லது தியானம் நடக்கும். தேதியை முதல் ஞாயிறு அறிவிப்பிலேயே கேட்டு எழுதிவையுங்கள். இரண்டாம் வாரச் சந்திப்புக்குப் பிறகு இதை வைத்ததற்குக் காரணம் உண்டு. அடுத்தவரோடு சமாதானம் தேடிவிட்டு வரும்போது சொல்ல வேண்டியது தெளிவாக இருக்கும்.

8. உண்டியல் டப்பா

முதல் நாளிலிருந்தே மேசையில் வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எவ்வளவு போடுவது என்பதைவிட எதைக் குறைத்துப் போடுகிறோம் என்பது முக்கியம். வெள்ளிக்கிழமை வெளிச் சாப்பாட்டை நிறுத்தினால் அந்தப் பணம், மாலை டீயோடு வாங்கும் பஜ்ஜியை விட்டால் அந்தப் பணம். பிள்ளைகள் தாங்கள் விட்டுக்கொடுத்ததைத் தாங்களே போட வேண்டும். அப்பாவிடம் பத்து ரூபாய் வாங்கி டப்பாவில் போட்டால் அது அப்பாவின் தர்மம்.

டப்பாவை 24 வரை வைத்திருக்காதீர்கள். டிசம்பர் 15 வாக்கில் திறந்தால்தான் பெறுபவர் தன் வீட்டுக்குத் தேவையானதைத் தானே வாங்க நேரம் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் ஒழுகும் கூரை, நனைந்த பாய் என்று தேவைகள் கண்முன்னேயே இருக்கும். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாவிட்டால் பங்கில் உள்ள புனித வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கேளுங்கள். வீடு வீடாகப் போய்ப் பார்ப்பவர்கள் என்பதால் அவர்களுக்குத் தெரியும். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். வாங்குபவரின் பிள்ளையும் உங்கள் பிள்ளையும் ஒரே மறைக்கல்வி வகுப்பில் உட்காருபவர்களாக இருக்கலாம்.

9. டிசம்பர் 17 முதல் 23: ஏழு பெயர்கள், ஒரு குடில்

இந்த ஏழு மாலைகளிலும் திருச்சபை, மாலைத் திருப்புகழில் மரியாவின் பாடலுக்கு முன்பு மெசியாவை ஒவ்வொரு பெயரால் கூவி அழைக்கிறது. வீட்டு ஜெபத்தில் அந்தப் பெயரையும் அதற்குரிய எசாயா வசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்:

17 – ஞானமே (11:2-3)
18 – இஸ்ரயேலின் தலைவரே (33:22)
19 – ஈசாயின் வேரே (11:10)
20 – தாவீதின் திறவுகோலே (22:22)
21 – விடியலின் ஒளியே (9:2)
22 – மக்களினங்களின் அரசரே (2:4)
23 – இம்மானுவேலே (7:14)

குடில் வேலையும் இதோடு நடக்கட்டும். 17-இல் இடத்தைச் சுத்தம் செய்து மணல் பரப்புங்கள். பிறகு கொட்டகை, வைக்கோல், ஆடு மாடு, இடையர்கள் என்று நாளுக்குக் கொஞ்சமாக. 23-இல் மரியாவும் யோசேப்பும். தீவனத் தொட்டி காலியாக இருக்க வேண்டும். குழந்தை இயேசு சுரூபத்தை வீட்டில் ஒருவர் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கட்டும். மூன்று ஞானிகளைக் குடிலில் வைக்காமல் அறையின் மறுகோடியில், அலமாரி மேல் வையுங்கள். அவர்களுக்கு இன்னும் வழி இருக்கிறது.

ஒரே ஞாயிற்றில் எல்லாவற்றையும் வைத்து முடித்துவிட்டால் அதன்பின் யாரும் குடிலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நாளுக்கு ஒன்று என்றால் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை பையைக் கீழே போடும் முன் அங்கே போய் நிற்கும்.

10. கேரல் குழுவை வரவேற்பது

பங்கின் தேதியை நாம் முடிவு செய்ய முடியாது, வரும் நாளில் வரவேற்போம். ஒன்று மட்டும் செய்யலாம். கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் வீசி, டிரம்ஸ் அடித்து, காணிக்கைக் கவர் வாங்கிக் கிளம்பும் முன் லூக்கா 2:10-11 வசனங்களை யாராவது ஒருவர் வாசிக்கக் கேளுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் நோயாளியோ கைக்குழந்தையோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், மெதுவாக ஒரு பாட்டு பாடிவிட்டுப் போவார்கள். இளைஞர் குழுவில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: முதியோர் வீடுகளை முதலில் வையுங்கள். கடைசியில் வைத்தால் இரவு பதினொன்றாகிவிடும், அவர்கள் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

11. 24-ஆம் தேதி

மதியத்துக்குள் சமையலறை வேலை முடியட்டும். மறுநாள் பிரியாணிக்கு வேண்டியதை நறுக்கி வைத்துவிட்டுக் கதவைச் சாத்துங்கள். பிற்பகலில் எல்லோரும், முக்கியமாக அம்மா, இரண்டு மணி நேரம் படுக்க வேண்டும். நள்ளிரவுத் திருப்பலியில் தூங்காமல் இருப்பதற்கு உபாயம் இதைத் தவிர வேறில்லை. இரவு உணவு எளிமையாகவும் சீக்கிரமாகவும் இருக்கட்டும். நற்கருணைக்கு முன் ஒரு மணி நேர உபவாசம் உண்டென்பதால் கோவில் வாசலில் வறுத்த கடலை வாங்காதீர்கள்.

கிளம்பும் முன் கடைசி முறையாக நான்கு மெழுகுவர்த்திகளையும் ஏற்றி ஜெபியுங்கள், மறக்காமல் அணையுங்கள். திரும்பி வந்ததும் தூங்கப் போகும் முன் குழந்தை இயேசுவைத் தொட்டியில் வையுங்கள். காலையில் வைக்கலாம் என்று விட்டால் விருந்தாளிகளுக்கு நடுவே அது மறந்துபோகும்.

12. 25-க்குப் பிறகும் பண்டிகை உண்டு

கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது, 2027-இல் அது ஜனவரி 10. தள்ளிவைத்த கொண்டாட்டங்களுக்கெல்லாம் இடம் இங்கேதான். உறவினர் வீட்டுக்குப் போவது, நண்பர்களை அழைப்பது, மீதி பலகாரம் சுடுவது எல்லாவற்றையும் 26-இலிருந்து பரப்பிக்கொள்ளுங்கள். ஸ்டார் அதுவரை எரியட்டும்.

ஞானிகளை நாளுக்கு ஒரு சாண் நகர்த்தி, ஞானிகள் வந்து வணங்கியதை நினைவுகூர்ந்து இந்தியாவில் ஞாயிறன்று கொண்டாடப்படும் திருக்காட்சிப் பெருவிழாவுக்கு, அதாவது ஜனவரி 3-க்குள், குடிலுக்குக் கொண்டுவாருங்கள். இதைச் சின்னப் பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஜனவரி 10 மாலை குடிலைப் பிரிக்கும் முன், வீட்டில் ஒவ்வொருவருடைய திருமுழுக்கு நாளையும் நாள்காட்டியில் எழுதுங்கள். தேதி தெரியாதவர்கள் திருமுழுக்குப் பெற்ற பங்கில் கேட்டால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வார்கள். பிறந்த ஆண்டு, பெற்றோர் பெயர், ஞானப்பெற்றோர் பெயர் தெரிந்தால் தேடுவது எளிது.